ஒரு மில்லிமீட்டர் மதகு



புதுச்சேரிக்கு வடக்கே, வானூர் வட்டத்தில் இரும்பை என்றொரு சிற்றூர் இருக்கிறது. திருஞானசம்பந்தர் பாடிய மாகாளேசுவரர் கோயிலும் ஓர் ஏரியும் உள்ள ஊர். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள் வந்துவிடும். பாத்தி பாத்தியாகத் தேங்கி நிற்கும் உப்புநீர். வரப்போரங்களில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். மழைக்காலம் வருமுன் அந்தக் குவியல்களை ஓலையாலோ தார்ப்பாயாலோ மூடி வைப்பார்கள்.

அந்தத் தார்ப்பாயின் ஓரத்தை எப்போதாவது கவனித்திருக்கிறீர்களா? கயிறு கோப்பதற்காகத் துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளையைச் சுற்றியும் ஓர் உலோக வளையம் அடித்திருப்பார்கள். வெறும் துளையில் கயிற்றைக் கட்டி இழுத்தால் துணி கிழிந்துவிடுமல்லவா? அதற்காகத்தான். இந்த வளையத்திற்கு ஆங்கிலத்தில் குரோமெட் என்று பெயர்.

இதே பெயருள்ள வேறொரு வளையம் உண்டு. அதை உப்புக்குவியலின் மேல் தேடினால் கிடைக்காது. சில குழந்தைகளின் காதுக்குள், செவிப்பறையில் அது பொருத்தப்பட்டிருக்கும்! அதன் நடுவிலுள்ள துளையின் விட்டம் ஏறக்குறைய 1 மி.மீ. தார்ப்பாயில் துளை பெரிதாகிவிடாமல் வளையம் காக்கிறது. செவிப்பறையிலோ துளை மூடிக்கொண்டுவிடாமல் காக்கிறது. வேலை நேர் எதிர். பெயர் மட்டும் ஒன்று.

காதுக்குள் எதற்காக ஒரு துளை? அந்தத் துளையும் அடைத்துக்கொண்டால் என்ன செய்வார்கள்? எந்தச் சொட்டு மருந்தை விட்டால் அடைப்பு திறக்கும்? இந்தக் கடைசிக் கேள்வி பார்ப்பதற்கு மிக எளிதாகத் தோன்றும். நான்கு மருந்தை விட்டுப் பார்த்து, எது நன்றாகக் கரைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே என்று நினைப்போம். அப்படி இல்லை என்பதைப் பார்க்கலாம், வாருங்கள்.

காதுக்கும் காற்று வேண்டும்

கொடைக்கானலுக்கோ உதகைக்கோ பேருந்தில் போயிருக்கிறீர்களா? மலை ஏற ஏறக் காது அடைத்துக்கொள்ளும். எச்சிலை விழுங்கினால் 'டப்' என்று திறந்துகொள்ளும். செவிப்பறைக்கு உட்பக்கம் நடுச்செவி என்ற சிறிய அறை ஒன்று இருக்கிறது. அதன் கொள்ளளவு ஏறத்தாழ ஒரு மில்லிலிட்டர்தான். அந்த அறையையும் தொண்டையின் மேற்பகுதியையும் ஒரு குழல் இணைக்கிறது. 16-ஆம் நூற்றாண்டில் அதை விவரித்த இத்தாலிய உடற்கூற்று அறிஞர் யூஸ்டேசியின் பெயரால் அதை யூஸ்டேசியன் குழல் என்கிறோம். சாதாரணமாக மூடியே இருக்கும் இக்குழல், நாம் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் சற்றே திறந்து காற்றை உள்ளே விடுகிறது. உள்ளே ஊறும் நீரைத் தொண்டைப் பக்கம் வடிக்கிறது. ஏரிக்கு மதகு எப்படியோ, நடுச்செவிக்கு இக்குழல் அப்படி.

சிறு குழந்தைகளுக்கு இக்குழல் குட்டையாகவும், கிடைமட்டத்திற்கு நெருக்கமாகவும் இருக்கும். சளி பிடித்தால் எளிதில் அடைத்துக்கொள்ளும். மதகு அடைபட்டால் என்ன ஆகும்? உள்ளேயிருக்கும் காற்றைச் சுற்றியுள்ள சவ்வு மெல்ல உறிஞ்சிக்கொள்கிறது. அழுத்தம் குறைகிறது. செவிப்பறை உட்புறமாகக் குழிகிறது. அறைக்குள் நீர் கோத்துக்கொள்கிறது. நாளாக ஆக அது கெட்டியாகி, பசை போலவும் ஆகிவிடலாம். ஆங்கிலேயர் இதைப் 'பசைக்காது' என்றே அழைக்கிறார்கள்.

வலி பெரும்பாலும் இராது. காய்ச்சலும் இராது. ஆகவே வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இரண்டு காதுகளிலும் விரலை வைத்து அடைத்துக்கொண்டு, பக்கத்தில் ஒருவரைப் பேசச் சொல்லிக் கேளுங்கள். ஏறக்குறைய அப்படித்தான் அந்தக் குழந்தைக்கு உலகம் கேட்கும். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் உங்கள் தோழி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விழிக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். 'கவனமில்லாத பெண்' என்று பெயர் வாங்கிவிடுவாள். உண்மையில் கேள்வி அவளுக்குப் பாதிதான் போய்ச் சேர்ந்திருக்கும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் அப்பகுதிக் கிராமத் தொடக்கப்பள்ளி ஒன்றில் குழந்தைகளின் காதுகளைச் சோதித்து 1997-இல் முடிவை வெளியிட்டார்கள். பத்தில் ஒரு குழந்தைக்குச் சற்று மேலாகவே கேட்கும் திறனில் குறை இருந்தது! நடுச்செவி நோய்கள் அங்கே சாதாரணமாகக் காணப்பட்டன.

இப்படி நீர் கோத்த காதுகளில் பெரும்பாலானவை மூன்று மாதத்திற்குள் தாமாகவே சரியாகிவிடும். அதனால்தான் மருத்துவர்கள் அவசரப்படாமல் காத்திருந்து பார்ப்பார்கள். சரியாகாதபோதுதான் குரோமெட் நினைவுக்கு வரும்.

துளை போடுவது பழைய யோசனை. இலண்டன் அறுவை மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் 1801-ஆம் ஆண்டை ஒட்டி, செவிப்பறையைத் துளைத்துச் சிலரை மீண்டும் கேட்கச் செய்தார். ஆனால் செவிப்பறை உயிருள்ள சவ்வு. சில நாட்களிலேயே தன் காயத்தைத் தானே மூடிக்கொண்டது. வியன்னாவில் ஆடம் பொலிட்சர் 1860-களில் ரப்பர் வளையம் ஒன்றை வைத்துப் பார்த்தார், நிலைக்கவில்லை. 1954-இல்தான் பெவர்லி ஆம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்க மருத்துவர் சிறிய பிளாஸ்டிக் குழாயைச் செவிப்பறையில் பொருத்தி வெற்றி கண்டார். இன்று வைக்கப்படும் சாதாரணக் குரோமெட் ஓராண்டை ஒட்டிய காலம் இருந்துவிட்டு, செவிப்பறை வளர வளர வெளியே தள்ளப்பட்டுத் தானே விழுந்துவிடும். அதற்குள் உள்ளே காற்றோட்டம் கிடைத்து, நடுச்செவி தேறியிருக்க வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு.

காதுக்குள் ஓர் உப்புப் பாத்தி

மரக்காணத்திற்கே திரும்புவோம். பாத்தியில் உப்புநீரைத் தேக்குகிறார்கள். வெயிலில் நீர் ஆவியாகிறது. கரைந்திருந்த உப்பு தங்கிவிடுகிறது. ஒரு மில்லிமீட்டர் துளையின் வாயிலும் இதேதான் நடக்கிறது. நடுச்செவியிலிருந்து கசியும் சளிநீர் குழாயின் வெளிவாய்க்கு வந்து காற்றுப் பட்டு உலர்கிறது. நீர் போய்விடுகிறது, புரதமும் இறந்த செல்களும் உப்பும் பொருக்காகத் தங்கிவிடுகின்றன. அறுவை முடிந்த புதிதில் ஒரு துளி இரத்தம் உறைந்தும் அடைக்கலாம். பிறகு சீழோ காதுமெழுகோ அடைக்கலாம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2001-இல் வெளியான கணக்கின்படி, குழாய் வைத்த காதுகளில் நூற்றுக்கு ஏழு வீதம் இப்படி அடைத்துக்கொள்கின்றன.

குழாய் அடைத்துக்கொண்டால் குழாய் இல்லாததற்குச் சமம். மீண்டும் நீர் கோக்கும். மீண்டும் காது மந்தமாகும். குழந்தையை மறுபடி மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்து, புதுக் குழாய் வைக்க நேரலாம். சில நாட்கள் சொட்டு மருந்து விட்டே அடைப்பைத் திறக்க முடியுமானால், அந்தக் குழந்தைக்கு ஓர் அறுவை மிச்சம். கூலி வேலையை விட்டுவிட்டு மருத்துவமனைக்கு அலையும் பெற்றோருக்கும் எவ்வளவு உதவி! ஆகவே எந்தச் சொட்டு நல்லது என்ற கேள்வி சின்னக் கேள்வி அல்ல.

உப்புப் பொருக்கைத் தண்ணீர் விட்டால் கரைந்துவிடும். உலர்ந்த சளி அப்படி உடனே கரையாது. ஊறி இளக வேண்டும். உறைந்த இரத்தமோ ஃபைப்ரின் என்ற புரத நூல்கள் பின்னிய வலை. தண்ணீரில் கரையவே கரையாது. ஆக, 'எந்த மருந்து?' என்பதற்கு முன், 'அடைப்பு எதனால் ஆனது?' என்று கேட்க வேண்டும்.

பந்தயத்தில் யார் யார்?

முதலில் ஹைட்ரஜன் பெராக்சைடு. புண்ணில் பட்டால் நுரை பொங்குமே, அதுதான். நம் இரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி அதை நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கிறது. குமிழிகள் பொருக்கின் இடுக்குகளில் புகுந்து அதை நெம்பிக் கிளப்புகின்றன. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 சதவீதக் கரைசல் முழுதும் பிரிந்தால் தன் பருமனைப் போல 10 மடங்கு ஆக்சிஜனைத் தரும். ஒரு சொட்டு 0.05 மி.லி. என்று கொண்டால், வாயு 0.5 மி.லி. நடுச்செவியின் மொத்தக் கொள்ளளவே ஏறத்தாழ ஒரு மி.லி. என்று பார்த்தோம். அரை அறையை நிரப்பும் வாயு ஒரே சொட்டிலிருந்து! கரைப்பதற்கு நல்லதுதான். ஆனால் அந்த நுரை எந்தப் பக்கம் போகும் என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

அடுத்து சோடியம் பைகார்பனேட், அதாவது நம் ஆப்ப சோடாவின் கரைசல். சற்றே காரத்தன்மை உடையது. பொருக்கையும் மெழுகையும் ஊறவைத்து உதிரச் செய்கிறது. ஆர்ப்பாட்டம் இல்லாதது; மெதுவானது.

மூன்றாவது, ஆஃப்லாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிச் சொட்டுகள். இவை அடைப்பைக் கரைக்கப் பிறந்தவை அல்ல. சீழ் உண்டாக்கும் பாக்டீரியாக்களைக் கொன்று, சீழ் ஊறுவதை நிறுத்துகின்றன. கூடவே, திரவம் என்ற முறையில் பொருக்கையும் நனைக்கின்றன. நான்காவது ஒரு வேடிக்கையான ஆள்: மூக்கடைப்புக்கு விடும் ஆக்சிமெட்டாசோலின். இது இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். அறுவை முடிந்தவுடன் காதில் விட்டால் கசிவு குறையும். கசிவு குறைந்தால் இரத்தம் உறைந்து அடைப்பதும் குறையும் என்பது எண்ணம். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், அறுவைக்குப் பின் காது ஒழுகுவதையும் குழாய் அடைப்பதையும் தடுப்பதில் இந்த மூக்கு மருந்து ஆஃப்லாக்சசினுக்குச் சமமாகவே நின்றது!

சரி, இவற்றை எப்படி ஒப்பிடுவது? ஒரு மருத்துவர் இருபது குழந்தைகளுக்குச் சோடாக் கரைசல் கொடுத்தார். பத்துப் பேருக்குக் குழாய் திறந்தது என்று வைத்துக்கொள்வோம். 'பாதிப் பேருக்குப் பலன்' என்று சொல்லிவிடலாமா? கூடாது. ஒன்றுமே விடாமல் இருந்தாலும் சில குழாய்கள் தும்மலிலோ கொட்டாவியிலோ தாமே திறந்துகொள்ளும். வெறுமனே விட்ட குழுவில் எத்தனை திறந்தன என்று தெரியாதவரை, அந்தப் பத்துக்குப் பொருளே இல்லை. மேலும், யாருக்கு எந்த மருந்து என்பதை மருத்துவர் தம் விருப்பப்படி தேர்ந்தால், எளிய அடைப்புகள் ஒரு பக்கமும் கடினமானவை மறுபக்கமும் சேர்ந்துவிடக்கூடும். அதனால் குலுக்கிப் போட்டுப் பிரிக்கிறார்கள். சோடாக் கரைசலையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் இவ்வாறு குலுக்கல் முறையில் சோதித்த ஆய்வு ஒன்று 1995-இல் வெளிவந்தது.

திறந்ததா இல்லையா என்பதையும் கண்ணால் மட்டும் தீர்மானிக்க வேண்டியதில்லை. காதின் வாயை அடைத்து, உள்ளே இருக்கும் காற்றின் பருமனை அளக்கும் டிம்பனோமீட்டர் என்ற கருவி இருக்கிறது. குழாய் அடைத்திருந்தால் புறச்செவிக் குழலின் பருமனை மட்டும் காட்டும். திறந்திருந்தால் நடுச்செவியும் சேர்ந்துகொள்ள, எண் உயர்ந்துவிடும். கருவிக்கு விருப்பு வெறுப்பு கிடையாது. அதுதான் அதன் சிறப்பு.

இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. எந்த ஒரு சொட்டுக்கும் இன்னும் மகுடம் சூட்டப்படவில்லை. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய காரணம்.

திறந்த பிறகு?

அடைப்பு திறந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து விடும் சொட்டு எங்கே போகும்? திறந்த குழாய் வழியே நேராக நடுச்செவிக்குள்! நடுச்செவியின் உட்சுவரில் வட்டப் பலகணி என்ற சிறு சன்னல் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடக் கனமில்லாத சவ்வுதான் அதன் கதவு. அதற்கு அப்பால் நத்தைக் கூடு போன்ற உட்செவி. ஒலியை நரம்புத் துடிப்பாக மாற்றும் மயிரிழைச் செல்கள் அங்கே சுமார் 15,000 இருக்கின்றன. இறந்தால் மனிதருக்கு அவை மீண்டும் முளைப்பதில்லை.

நியோமைசின், ஜென்டாமைசின் ஆகிய நுண்ணுயிர்க்கொல்லிகள் இந்த மயிரிழைச் செல்களைக் கொல்லக் கூடியவை. முழுமையான செவிப்பறை உள்ள காதில் தீங்கு செய்யாத சொட்டு, குழாய் உள்ள காதில் தீங்கு செய்யலாம். ஹைட்ரஜன் பெராக்சைடைப் பாலைவன எலிகளின் நடுச்செவியில் விட்டுப் பார்த்த ஆய்வு 2003-இல் வெளியானது. உட்செவியின் வேலைத்திறன் குறைந்ததை அதில் கண்டார்கள். எலிக்கு நேர்ந்தது அப்படியே குழந்தைக்கும் நேரும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் துணிந்து விடவும் முடியாதல்லவா? ஆஃப்லாக்சசின் இந்தக் கேட்கும் செல்களுக்குத் தீங்கு செய்யாததால், குழாய் உள்ள காதுகளுக்கென்றே 1997-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குழாய் வழியே சீழ் வடிந்தால் மாத்திரையை விட இந்த வகைச் சொட்டையே முதலில் பயன்படுத்தச் சொல்கிறார்கள்.

இப்போது பந்தயம் எப்படி மாறிவிட்டது, பாருங்கள். சோதனைக் குழாயில் எது முதலில் வருகிறது என்பது பாதிக் கேள்விதான். வென்ற பிறகு அது உள்ளே போய் என்ன செய்கிறது என்பது மறுபாதி. வேகமாக அடைப்பை உடைத்துவிட்டுக் கேட்கும் செல்களைத் தொடுகிற மருந்தை விட, மெதுவாக இளக்கி, உள்ளே போனாலும் சும்மா இருக்கிற மருந்து மேல். எதைத் தேர்வது என்பதைக் குழாயைப் பார்த்த மருத்துவர்தான் சொல்ல முடியும்.

நம் வீடுகளில் காது வலி என்றால் பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை விடும் வழக்கம் உண்டு. குழாய் வைத்த காதிலும், ஓட்டை விழுந்த காதிலும் இதைச் செய்யவே கூடாது. கடையில் விற்கும் காதுமெழுகு கரைப்பான்களில் சிலவற்றில் டர்பன்டைன் எண்ணெயும் பாராடைகுளோரோபென்சீனும் இருக்கின்றன. இவையும் அந்தக் காதுகளுக்கு ஆகாது. 'போன வருஷம் அண்ணனுக்குக் கொடுத்த சொட்டு மருந்து பாக்கி இருக்கிறது' என்று எடுத்து விடுவதும் அப்படியே.

சொட்டு ஏன் உள்ளே போக மறுக்கிறது?

இன்னொரு வேடிக்கை. மருந்தைக் காதில் விட்டால் மட்டும் அது ஒரு மில்லிமீட்டர் துளைக்குள் இறங்கிவிடாது. பரப்பு இழுவிசை தடுக்கும். நீங்களே செய்து பாருங்கள். ஒரு பிளாஸ்டிக் பாட்டில் மூடியில், பெரியவர் ஒருவர் உதவியோடு, சூடாக்கிய குண்டூசியால் ஒரு சிறு துளை போடுங்கள். மூடியில் அரை செ.மீ. உயரத்திற்கு மெதுவாகத் தண்ணீர் விடுங்கள். பெரும்பாலும் ஒழுகாமல் நிற்கும்! துளையின் வாயில் நீரின் மேற்பரப்பு ஒரு தோல் போல அதைத் தாங்குகிறது. கணக்குப்படி 1 மி.மீ. துளை கிட்டத்தட்ட 3 செ.மீ. உயர நீரைக் கூடத் தாங்கும். மூடியை லேசாகத் தட்டினாலோ சோப்புக் கரைசல் கொஞ்சம் சேர்த்தாலோ ஒழுக ஆரம்பித்துவிடும்.

இதனால் இரண்டு விஷயங்கள் விளங்கும். மருந்து விட்டபின் காதுத்துளைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு மடலை நாலைந்து முறை அழுத்தி விடச் சொல்வார்கள். மருந்தை உந்தித் துளைக்குள் செலுத்தத்தான். (மருந்துப் புட்டியைச் சற்று நேரம் கைக்குள் வைத்து வெதுவெதுப்பாக்கியும் கொள்வார்கள். குளிர்ந்த மருந்து உட்செவியைத் தாக்கித் தலைசுற்றலை உண்டாக்கும்.) இரண்டாவது, குரோமெட் வைத்த குழந்தை தலைக்குக் குளித்தால் பயப்பட வேண்டியதில்லை, சாதாரணமாக நீர் உள்ளே புகாது. சோப்பு நுரைநீர் காதில் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆனால் இரும்பை ஏரியில் கரையிலிருந்து குதித்து முங்கு நீச்சல் போடுவது வேறு கதை. ஆழத்தில் நீரின் அழுத்தம் அந்தத் தோலைக் கிழித்துவிடும். 3 செ.மீ. எங்கே, மூன்று முழ ஆழம் எங்கே! ஏரி நீரில் கிருமிகளும் அதிகம்.

ரீஃபில் பந்தயம்

காதில் சோதனை செய்ய நமக்கு உரிமையில்லை. தீர்ந்துபோன பால்பாயிண்ட் பேனா ரீஃபில்களில் செய்யலாமே! முள் முனையை வெட்டி எறிந்துவிட்டு, மை இல்லாத பகுதியிலிருந்து 2 செ.மீ. துண்டுகளாகப் பன்னிரண்டு வெட்டுங்கள். ஒவ்வொன்றின் ஒரு முனையையும் முட்டையின் வெள்ளைக் கருவில் தோய்த்தெடுத்து, நிழலில் இரண்டு நாள் உலர்த்துங்கள். ஊதிப் பார்த்துக் காற்றுப் போகாதவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். (ஊதும்போது அடைக்காத முனையில் வாய் வையுங்கள்!)

மூன்று கிண்ணங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் வெறும் தண்ணீர். இன்னொன்றில், 100 மி.லி. தண்ணீரில் ஏறக்குறைய ஒரு கிராம் உப்பு; இது நம் உடல் நீரின் உப்பளவுக்குப் பக்கத்தில் வரும். மூன்றாவதில் அதே அளவு தண்ணீரில் ஒரு தேக்கரண்டி ஆப்ப சோடா. எது எதுவென்று உங்களுக்குத் தெரியக்கூடாது. நண்பர் ஒருவர் கலக்கி, அ, ஆ, இ என்று சீட்டு ஒட்டித் தரட்டும். எந்தத் துண்டு எந்தக் கிண்ணத்திற்கு என்பதையும் சீட்டுக் குலுக்கியே முடிவு செய்யுங்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு வேண்டாம். கண்ணில் தெறித்தால் ஆபத்து.

கால் மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு துண்டையும் எடுத்து, ஒரு சைக்கிள் டியூப் துண்டைப் பொருத்தி மெல்ல ஊதிப் பாருங்கள். எப்போது காற்றுப் போகிறது என்று அட்டவணையில் குறியுங்கள். எல்லாம் முடிந்த பிறகுதான் அ, ஆ, இ என்னவென்று நண்பரிடம் கேட்க வேண்டும். வெறும் தண்ணீரே வென்றால் ஏமாற்றமடைய வேண்டாம், அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வாரம், இரண்டு நாள் உலர்ந்த அடைப்பையும் ஏழு நாள் உலர்ந்த அடைப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே நேரத்தில்தான் இளகுகின்றனவா என்று பாருங்கள்.